மெத்தென்ற பாறை

அருண் சேவியரும் கிரேஸ் மேரியும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டு கட்டில்கள். வில்லியனூருக்கு அந்தண்டை மாதா கோயில் தெரு வீட்டில் ஒன்று, காக்கிநாடாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இரும்பு மேடையில் இன்னொன்று. இரண்டிலும் இருவரும் படுக்கிறார்கள். சேர்ந்து படுக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டையா?" என்று காதோடு கேட்காத ஆள் தெருவில் இல்லை. சண்டை போடுவதற்காவது இரண்டு பேரும் ஓரிடத்தில் இருக்க வேண்டாமா?

கடல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் நாலு வாரம் கடலில் இருந்தால் மற்றவர் நாலு வாரம் வீட்டில். ராஜமுந்திரியில் ஒருவர் இறங்கும் ஹெலிகாப்டரிலேயே மற்றவர் ஏறுவார். அப்படி மாற்றி மாற்றி வரும் ஜோடிக்கு 'பேக் டு பேக்' என்று பெயர். மேடையில் ஜியாலஜிஸ்ட் நாற்காலியில் அருணுக்கு பேக் டு பேக் அவன் மனைவி கிரேஸ். இந்த யோசனையைச் சொன்னவன் அருணேதான். அவனுக்கு மாற்றாக வேலை பார்த்த ஆந்திராக்காரன் கத்தாருக்குப் போனபோது, "நீ வந்துடு கிரேஸு. ஏஞ்சலுக்கு எப்பவும் யாராவது ஒருத்தர் வூட்ல இருப்போம்" என்றான். அவளும் ஆகா என்றாள். கடலுக்கடியில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் என்ன பாறை வரும் என்று முன்கூட்டியே சொல்கிற இரண்டு பேர். தங்கள் வீட்டில் என்ன வரும் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மகளுக்கு எப்பவும் ஒருத்தர் இருப்பார் என்றால், எப்பவும் ஒருத்தர் இருக்க மாட்டார் என்றுதானே அர்த்தம்? சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டு, முதல் தடவை ஹெலிகாப்டர் அடியில் ஒருவரை ஒருவர் கடந்து போகும்போதுதான் அது உறைத்தது. அந்தக் காற்றில் சிரிக்கக்கூட முடியவில்லை.

கிரேஸை வேலையாசை பிடித்தவள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அவள் கதை தெரிந்தால் பேச மாட்டார்கள். வில்லியனூரிலிருந்து பாண்டி, பாண்டியிலிருந்து பிள்ளைச்சாவடி வழியாகக் காலாப்பட்டு என்று இரண்டு பஸ் மாறிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பூமி அறிவியல் படித்தவள். "மண்ணப் பத்திப் படிக்க அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம கழனியில இல்லாத மண்ணா?" என்று அவள் அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியபடி கேட்டார். அந்த மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று அவள் சொன்னபோது, "இருந்துட்டுப் போவட்டும்" என்று மடையை மாற்றப் போய்விட்டார்.

வகுப்பில் அவள்தான் முதல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் களப்பயணம் போனபோது அருணின் லென்ஸ் உடைந்து போயிற்று. நாள் முழுக்க அவளுடைய லென்ஸையே இருவரும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் அவன் சுருள் சுருளான ஒரு சங்குக் கல்லை எடுத்துக்கொண்டு குவாரி மேட்டில் மூச்சிரைக்க ஓடி வந்தான். கல்லைக் காட்ட முதலில் ஓடி வந்தது பேராசிரியரிடம் இல்லை, அவளிடம். அன்றைக்கு முடிவானதுதான் கல்யாணம். பஸ்ஸில் திரும்பும்போது, "என்னிக்காவது எண்ணெய் இருக்கற கல்லு கெடைக்கணும். அத நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்" என்றாள் அவள். பூ கேட்கிற வயதில் அவள் கேட்டது அது.

படித்து முடித்ததும் வகுப்பு நாலாபக்கமும் சிதறியது. ஒருத்தன் நிலத்தடி நீர் இலாகாவில் சேர்ந்து கிணறு கிணறாக உப்பு அளக்கிறான். ஒருத்தன் நெய்வேலிக்குப் போனான். இரண்டு பேர் சென்னையில் சாட்டிலைட் படத்தை வைத்து வரைபடம் போடுகிறார்கள். பாதிப் பேர் பேங்க் பரீட்சை எழுதிப் பாறையையே மறந்தார்கள். அர்ச்சனா அண்டார்டிகாவுக்கே போய்ப் பனிக்கட்டியைத் துளைத்துவிட்டு வந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று கிரேஸ் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்போது அவள் ஏஞ்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு, வில்லியனூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்தாள். 'பாறைகள் மூன்று வகைப்படும்' என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் குவாரி மேடு ஞாபகம் வரும். அருண் கடலில் இருந்தான். அவனுக்காக ஏங்குகிறாளா, அவன் வேலைக்காக ஏங்குகிறாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்போது வேலை கிடைத்துவிட்டது. ஏக்கம் ஒன்று குறைந்து மற்றது இரண்டு மடங்கானது, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு கிணறு வறண்டு போய், மேடையை வேறிடத்துக்கு இழுத்துப்போன சமயத்தில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. ஒன்பது நாள். ஏஞ்சல் நடுவில் படுத்துக்கொண்டு இரண்டு பேர் கையையும் பிடித்தபடி தூங்கினாள். மற்றபடி வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கிளம்புகிறவர் தலையணை உறையைத் துவைக்கக் கூடாது. மேடையில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆள் மாறும்போதெல்லாம் ரூம் பாய் எல்லாவற்றையும் உருவிச் சோப்புப் போட்டு வெளுத்துவிடுவான். அருண் முந்தின நாள் வரை படுத்த படுக்கையில் அவள் போய்ப் படுக்கும்போது ஆஸ்பத்திரி வாசனைதான் அடிக்கும்.

இந்த நிலையில்தான் ஏஞ்சலின் புதுநன்மை வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அந்த ஊர்க் கோயிலில் ஒரு முறை உண்டு. பிள்ளை நடுவில் மெழுகுவத்தியோடு நடக்க, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, இருவர் கையும் பிள்ளையின் தோளில் இருக்க, வாசலிலிருந்து பீடம் வரை கூட்டிப் போக வேண்டும். பங்குச்சாமியார் குறித்த ஞாயிற்றுக்கிழமையில் அருணுக்குக் கடல் முறை. வேறு தேதி கேட்கலாம் என்றால், எந்தத் தேதியைக் கேட்பது? எந்தத் தேதி வைத்தாலும் ஒருத்தர் கடலில்தான்.

"ரெண்டு பேரும் வரணும்மா," என்றாள் ஏஞ்சல். "போன வருசம் ரோஸிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. அவங்க அப்பா குடிப்பாரு, அவருகூட வந்தாரு."

ஒரே ஒரு வழி இருந்தது. தோண்டுகிற கிணறு அதற்குள் முடிய வேண்டும். அதுவும் வறண்டதாக முடிய வேண்டும். எண்ணெய் இல்லை என்றால் ஓட்டையை அடைத்துவிட்டு மேடை நகரும், அருண் வீட்டுக்கு வருவான். எண்ணெய் இருந்தால் பாறையை முழுசாக வெட்டி எடுத்து, சோதித்து, பல வாரம் இழுக்கும். முறை முடியும் வரை அருண் நகர முடியாது.

ஆக, வாழ்நாளெல்லாம் எண்ணெய்க் கல்லுக்கு ஏங்கிய கிரேஸ் மேரி, வில்லியனூர் மாதா குளத்துப் படியில் உட்கார்ந்து இப்படி வேண்டிக்கொண்டாள்: "மாதாவே, மெத்தென்ற பாறையாகக் கொடு. சீக்கிரம் துளைக்கட்டும். கடைசியில் ஒன்றும் இல்லாமல் போகட்டும்." அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி வேண்டியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மனசு உறுத்தியது. பிள்ளைகளோடு பெற்றோரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய வாரம் அது. முழந்தாளிட்டு, "கிணறு வறண்டு போவணும்னு வேண்டிக்கிட்டேன் ஃபாதர்" என்றாள்.

சாமியார் திடுக்கிட்டார். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். "யார் வூட்டுக் கெணறும்மா? பங்காளித் தகராறா?"

"கடல்ல இருக்கற கெணறு ஃபாதர். எண்ணெய்க் கெணறு." எல்லாவற்றையும் சொன்னாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "பத்து அருள் நிறை மந்திரம் சொல்லும்மா," என்றார். பத்தையும் சொன்னாள். ஒவ்வொன்றின் முடிவிலும் மெத்தென்ற பாறையைக் கேட்டுக்கொண்டாள்.

மாதா கேட்டுக்கொண்டது போலத்தான் இருந்தது. களிப்பாறையில் துளை மளமளவென்று இறங்கியது. ஆபீஸிலிருந்து தினமும் வரும் ஆழத்தைப் பார்த்து அவள் மனக்கணக்குப் போட்டாள். வியாழக்கிழமைக்குள் முடியும், வெள்ளி ரயில் பிடித்தால் சனிக்கிழமை காலை வீடு. மாமனார் கில்பர்ட்டிடம் சொன்னாள். அவர் திருபுவனையில் ஒரு மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்ந்தவர். "நானும் ஷிப்ட்தாம்மா பாத்தேன். ஆனா பொழுது விடிஞ்சா வூட்டுக்கு வந்துடுவேன். உங்க ஷிப்ட் இன்னா ஷிப்டோ" என்றார். சொல்லிவிட்டு மகனின் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே கஞ்சி போட்டுத் தேய்த்து ஹேங்கரில் மாட்டினார்.

புதுநன்மைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை காலை. வில்லியனூர் கடைத்தெருவில் மஞ்சுளாவின் தையல் கடையில் ஏஞ்சல் ஸ்டூல் மேல் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை கவுனின் ஓரத்தை மஞ்சுளா வாயில் குண்டூசியோடு மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். அப்போது மேடையிலிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அருண் கூப்பிட மாட்டான்.

"கிரேஸு, ஒண்ணு கேக்கணும். வேலை விஷயம்."

"சொல்லு." நேரில் நாலு பேர் இருந்தால் 'அவரு', 'வாங்க போங்க' எல்லாம் உண்டு. போனில் இன்னும் வகுப்புத் தோழன்தான்.

"மணல்கல்லு வந்துடுச்சு. லைட்டுப் பொட்டியில வச்சுப் பாத்தா மின்னுது."

கிரேஸ் கடைப் படியில் உட்கார்ந்தாள். தோண்டும்போது பொடிப்பொடியாக மேலே வரும் கல்லைக் கழுவி, இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கில் வைத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் இருந்தால் மின்னும்.

"இன்னா நெறம்?"

"மஞ்சள். பொன் மஞ்சள்."

"பொன் மஞ்சளா? கேஸு எவ்ளோ?"

"கொஞ்சம் ஏறுச்சு, எறங்கிடுச்சு. எப்படி வேணா சொல்லலாம். அதான் கேக்கறேன். உன் டர்ன்ல பைப்புத் திருகுக்குப் புது கிரீஸ் போட்டாங்கல்ல? அதுவும் கலந்து வந்து மின்னுதுன்னு சொன்னியே. அது இந்த நெறமா? தோண்டறத நிறுத்தி வச்சிருக்கேன். ரொம்ப நேரம் நிறுத்த முடியாது."

அந்தப் புது கிரீஸைப் பெட்டியில் வைத்துப் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். ஆமாம், அதே நிறம்தான் என்று அவள் சொன்னால் அவன் 'கிரீஸ் கலப்பு' என்று எழுதிவிட்டுத் தோண்டச் சொல்வான். வியாழக்கிழமை கிணறு முடியும். சனிக்கிழமை காலை அவன் வீட்டு வாசலில் பையோடு வந்து நிற்பான். தாண்டிப்போன பாறையை மறுபடி முழுசாக வெட்டி எடுக்க முடியாது. முடியாவிட்டால் என்ன? கடலுக்கடியில் கோடி வருஷமாகக் கிடப்பது இன்னும் கொஞ்ச காலம் கிடந்துவிட்டுப் போகட்டுமே. எத்தனை கம்பெனி எத்தனை கிணற்றைத் தவற விட்டிருக்கிறது!

ஏஞ்சல் ஸ்டூலில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரித்த கை இரண்டும் வலித்திருக்க வேண்டும், கீழே இறக்கவில்லை.

"கழுவிட்டுப் பாத்தியா?" என்றாள் கிரேஸ்.

"பாத்தேன்."

"போவலியா?"

"போவல."

"கல்ல நசுக்கி ஒரு சொட்டு மருந்து வுட்டுப் பாரு. உள்ளேருந்து ஒழுகுதான்னு பாரு."

"ஒழுகுது," என்றான் உடனே.

அவன் மூச்சு வாங்கும் சத்தம் போனில் கேட்டது. குவாரி மேட்டில் ஓடி வந்தானே, அதே மூச்சு. அவளுக்கு அந்தப் பெட்டிக்குள் குனிந்து அந்த மஞ்சளை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் தோள் பக்கத்தில் இருக்க வேண்டும் போலிருந்தது. அவன் நாளைக்கே இங்கே வர வேண்டும் போலவும் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் மாதாதான் என்ன செய்வாள்?

"அந்த கிரீஸு வெளிர் நீலம்டா," என்றாள். "கழுவுனா போயிடும். இது கிரீஸு இல்ல. நெசம். கோர் எடு, கல்ல முழுசா வெட்டி எடு."

அப்புறம், "ஞாயித்துக்கெழம?" என்றான் சின்னக் குரலில்.

"தெரியும். நீ போய் ஆபீஸுக்குச் சொல்லு."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மஞ்சுளா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "எக்கா, பொன் மஞ்சள்ல லேசு வெக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் மஞ்சு. வெள்ளையே இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் பிள்ளையிடம் சொன்னாள். மறைக்கவில்லை. நல்ல கல் கிடைத்துவிட்டது, அதனால் அப்பா வர முடியாது என்றாள்.

"கல்லு கெடச்சா அனுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப ஏம்மா நீங்க ரெண்டு பேரும் அதையே தேடறீங்க?"

கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஏஞ்சலின் இடப்பக்கம் கிரேஸ் நின்றாள். வலப்பக்கம் யார் என்று பேசவே இல்லை. கடைசி நிமிஷத்தில் கில்பர்ட் வந்து நின்றார். கஞ்சி போட்டுத் தேய்த்த அருணின் சட்டையை அவரே போட்டிருந்தார். தோள் தொங்கியது, கை விரல் வரை இறங்கியிருந்தது. ஏஞ்சல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தச் சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, தாத்தாவின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பீடம் வரைக்கும் கில்பர்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தார்.

பூசை முடிந்து கோயில் மைதானத்தில் பிரியாணி அண்டா திறந்தபோது போன் வந்தது. முதலில் ஏஞ்சல் பறித்துக்கொண்டாள். "அப்பா, அது நாக்குல ஒட்டிக்கிச்சுப்பா. கடிக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க, நான் கடிக்கல. தாத்தா உன் சட்டையப் போட்டுகினு அழுதுச்சு. பாதி மெழுகுவத்திய அணைச்சு உனக்கு எடுத்து வச்சிருக்கேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்து ஓடிவிட்டாள்.

கிரேஸ் வேப்ப மரத்தடிக்கு ஒதுங்கினாள்.

"கோர் முழுசா வந்துடுச்சு," என்றான் அருண். "ஒடையவே இல்ல. மேல எடுத்ததும் வாசனை. நீ இருந்திருக்கணும்டி."

"ம்."

"கிரேஸு." காற்றின் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கு உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே நான் நசுக்கிப் பாத்துட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நசுக்கிப் பாருன்னு சொன்ன ஒடனே ஒழுகுதுன்னியே. நசுக்க நேரம் வேணாமா? படியில உக்காந்திருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ நான் ஏன் கேட்டேன்னும் தெரியும்."

அவள் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா," என்றான், "கிரீஸுன்னு எழுதிட்டு வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன்."

கோயில் மைதானத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக்கூடப் பார்க்காமல் கிரேஸ் மேரி அழுதாள். வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் சொன்னவற்றில் இதைவிட ஆசையான வார்த்தை எதுவும் இல்லை. அதைக் கேட்கும்போது அவன் எட்டமுடியாத தூரத்தில் இருந்தான்.

"அழாதடி. செவ்வாக்கெழம ராஜமுந்திரியில பாக்கப் போறோமே."

"ஹெலிகாப்டர் அடியில."

"சீக்கிரமே எறங்கிடறேன். பத்துப் பதினஞ்சு நிமிசம் கெடைக்கும். இந்தத் தடவை கெணத்தப் பத்திப் பேச வேணாம்."

"பேசாம? அந்தக் கல்லப் பத்தி ஒண்ணுவிடாம சொல்லணும் நீ. மெழுகுவத்திய நான் எடுத்துனு வரேன், வாங்கிக்கோ." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பந்தலிலிருந்து கில்பர்ட் இலை போட்டாச்சு என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். "அருணு, ஒண்ணு செய்யி. கெளம்பும்போது அந்த ரூம் பாய்கிட்ட சொல்லு."

"இன்னான்னு?"

"தலகாணி உறைய மாத்த வேணாம்னு."

"சரி," என்றான்.